பதினோராவது பெயர்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணிக்குப் பதினொருவர் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தாட்டத்திலும் கணக்கு அதுவே. ஆனால், அந்நாட்டில் 1950ஆம் ஆண்டில் வெளிவந்த கல்லூரிக் கால்பந்தாட்ட வரலாற்று நூலொன்று, 1918ஆம் ஆண்டின் அனைத்தமெரிக்க அணியில் பத்துப் பெயர்களை மட்டுமே அச்சிட்டது. பதினோராவது வீரர் எங்கே போனார்?

அவர்தாம் பால் ராப்சன். உலகம் அவரை இசைவாணராகவும் நடிகராகவும் அறியும். அப்புகழ் வருமுன்னரே அவர் ஆடுகளத்தில் புகழ் பெற்றவர். அடிமைத் தளையிலிருந்து பதினைந்தாம் வயதில் தப்பி வந்து, பின்னர்ச் சமயப் போதகரான ஒருவரின் மகனாக 1898இல் பிறந்தார். 1915இல் உதவிச் சம்பளம் பெற்று, நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1869இல் பிரின்ஸ்டன் கல்லூரியோடு மோதி, அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான முதல் கால்பந்தாட்டத்தை ஆடிய பெருமை ரட்கர்ஸுக்கு உண்டு.

ஆனால், அங்கே அவரை வரவேற்றது அன்பன்று. பயிற்சியின் முதல் நாளிலேயே சக மாணாக்கர் அவர் மூக்கை உடைத்தனர், தோள்மூட்டு நழுவியது. படுக்கையிலிருந்து எழுந்து மீண்டும் களம் சென்றபோது, ஒருவன் ஆணிச் செருப்பால் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். எனினும் அவர் விலகவில்லை. களத்தில் நிற்பவன் தனியொருவன் அல்லன், வாய்ப்பற்ற கறுப்பினச் சிறுவர் அனைவருக்குமாக நிற்பவன் என்று தந்தை கற்பித்திருந்தார்.

1916இல் கல்லூரி தன் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய வேளையில், தென்மாநிலமான வர்ஜீனியாவிலிருந்து வந்த அணி, கறுப்பர் ஆடும் களத்தில் ஆட மறுத்தது. கல்லூரியும் அதற்கு இணங்கி ராப்சனை வெளியே அமர்த்தியது. தன் வீரனைத் தானே கைவிட்ட அந்நாளை அக்கல்லூரியின் வரலாறு மறைக்க இயலாது.

மறு ஆண்டே நிலை மாறியது. முன்னாள் அனைத்தமெரிக்க வீரர் பலரைக் கொண்ட நியூபோர்ட் கடற்படை அணியை 1917இல் ரட்கர்ஸ் 14-0 என வென்றது. அனைத்தமெரிக்க அணியில் ராப்சனுக்கு இடம் கிடைத்தது, 1918இலும் கிடைத்தது. நான்கு விளையாட்டுகளில் கல்லூரிக்காக ஆடிய அவரே, 1919ஆம் ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் மாணாக்கர் சார்பில் உரையாற்றினார்.

பின்னர், நிறவெறியைக் கண்டித்தும் சோவியத் நாட்டோடு நட்பு நாடியும் அவர் முழங்கியதால் ஆட்சியாளரின் சினத்திற்கு ஆளானார். 1950இல் கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டது. 1958இல்தான் திரும்பக் கிடைத்தது. அவர் கொள்கையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால், கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காக, ஆடிய ஆட்டத்தை ஆடவில்லை என ஆக்க முடியுமா?

அமெரிக்கக் கல்லூரிகள் தம் சிறந்த ஆட்டக்காரரின் பெயரைப் புகழ் மண்டபத்தில் பொறித்துப் போற்றுவது வழக்கம். நாடு முழுவதற்குமான கல்லூரிக் கால்பந்தாட்டப் புகழ் மண்டபம் 1951இல் தன் முதல் வீரர்களை ஏற்றது. ராப்சனுக்கு அது கதவு திறந்ததோ 1995இல்! அவர் 1976இலேயே மறைந்துவிட்டார். அவர் பயின்ற ரட்கர்ஸும் தன் கால்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடமளித்தது; அவர் பட்டம் பெற்ற நூற்றாண்டான 2019இல் தன் வளாகத்தில் அவர் பெயரால் ஒரு சதுக்கத்தையும் திறந்தது.

காலம் கடந்த பெருமை உரியவர் கண்ணுக்கு எட்டவில்லை. எனினும் அது வீணன்று. புகழ்ப் பட்டியல் என்பது வீரருக்குச் சூட்டும் மாலை மட்டுமன்று. அதை எழுதுவோரின் நேர்மைக்குச் சான்றும் அதுவே. பத்துப் பேரோடு நின்ற பட்டியல் ராப்சனைச் சிறுமைப்படுத்தவில்லை, தன்னையே சிறுமைப்படுத்திக்கொண்டது. நம் பள்ளிச் சுவர்களிலும் பெருமைப் பலகைகள் உண்டு. அவற்றில் பெயர் எழுதும் ஆசிரியப் பெருமக்கள், விடுபட்ட பெயர் ஏதும் உண்டோ என ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.