தீவிலிருந்து வந்த ஆட்டக்காரர்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் பேருந்துக்குக் கிளாவரையே கடைசி ஊர். ஒரு மாலையில் அங்கே சிறுவர்கள் பந்து உதைத்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பேருந்து வந்ததும், அவர்களுள் ஒருவன் பந்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுத் தகரப் பெட்டியுடன் ஏறினான். விடுதிப் பள்ளி மாணவன். எங்கோ ஒரு கோடியிலிருந்து படிக்கச் சென்று, அயல்நாட்டு மைதானத்தில் நின்ற ஆல்ஃபிரட் குளூனிஸ்-ராஸ் அப்போது நம் நினைவுக்கு வந்தார்.

இலங்கைக்குத் தென்கிழக்கே, நெடுந்தொலைவில், கொக்கோஸ் என்னும் பவளத் தீவுகள் உள்ளன. 1827-இல் அங்குக் குடியேறிய ஸ்காட்லாந்துக் குடும்பம் தென்னந்தோப்புகளை வளர்த்து, தலைமுறை தலைமுறையாக அரசரைப் போலவே ஆண்டது. அக்குடும்பத்தின் வாரிசு ஒருவருக்கும் ஸ்பியா டுப்போங் என்ற மலாய்ப் பெண்மணிக்கும் பிறந்தவரே ஆல்ஃபிரட்.

அவர் கல்வி கற்றது ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில். அந்நகருக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1789-இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்தினார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதக் கற்பதையும், மூத்த பிள்ளைகள் இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அம்முறையைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அவரது கொடையால் அந்நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ்' என்றே பெயர். நம் சட்டாம்பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததாகத் தெரியவில்லை!

1871 மார்ச் 27 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. அதுவே உலகின் முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடும் இவ்விளையாட்டில் இன்று பக்கத்துக்குப் பதினைவர், அன்றோ இருபதின்மர். ஏறத்தாழ 4,000 பேர் கூடியிருந்தனர். ஆல்ஃபிரட் ஸ்காட்லாந்தின் பின்காப்பாளர் மூவருள் ஒருவராக நின்றார். வென்றது ஸ்காட்லாந்து. முக்கியமானதொரு புள்ளியைக் குறித்து வாக்குவாதம் எழுந்தபோது, ஐயம் வந்தால் அதிகம் கூச்சலிடும் அணிக்கு எதிராகத் தீர்ப்பளிப்பதே முறை என்று நடுவர் ஆமண்ட் பிற்காலத்தில் எழுதினாராம். ஆல்ஃபிரட் நாட்டுக்காக ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான்.

வெள்ளையரல்லாத முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டக்காரர் அவரே என்று இன்று கருதப்படுகிறது. தந்தையின் குடிப்பெயரே பட்டியலில் நின்றது. தாயின் பெயருக்கு அதில் இடமில்லை.

ஆயினும் அவரை ஒடுக்கப்பட்டவர் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. தாயின் இனத்தார் தந்தையின் தோப்பில் தேங்காய் உரித்தனர். அவர்களுக்குக் கூலியாகத் தீவின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகள் தரப்பட்டன. தேயிலைத் தோட்டக் கங்காணிகளின் கணக்கேடு நமக்குத் தெரியாததா? கல்வியும் கப்பல் பயணமும் ஆண்டையின் மகனுக்கே கிட்டின.

1978-இல் ஆஸ்திரேலியா அத்தீவுகளின் பெரும்பகுதியை அக்குடும்பத்திடமிருந்து 62,50,000 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கியது. 1984-இல் ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் ஸ்பியா டுப்போங்கின் மக்கள் முதன்முறையாகத் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே முடிவு செய்ய வாக்களித்து, ஆஸ்திரேலியாவுடன் இணைந்தனர்.