கடவுச்சீட்டுக்கு முந்திய கேள்வி

வெளிநாட்டுக் கல்விக்கு மாணவர் விசா கோருவோர் முதலில் காட்டவேண்டியது கடவுச்சீட்டு. கடவுச்சீட்டுக்கோ பிரஜாவுரிமை வேண்டும். அப்புத்தளைத் தோட்டங்களில் பிறந்த பலருக்கு நெடுங்காலம் அதுவே இருக்கவில்லை.

1890இல் தோமஸ் லிப்டன் இப்பகுதித் தோட்டங்களை வாங்கிய காலத்திலேயே தமிழகத்திலிருந்து வந்தோர் மலையகத்தில் உழைத்துக்கொண்டிருந்தனர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயன் காம்பிராவில் பிறந்த பாட்டனுக்குப் பதிவுப் பத்திரத்தை எங்கே தேடுவது?

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974இல்தான் முடிவாயிற்று. பலர் வாழ்நாளில் முதன்முதலாகக் கண்ட கடவுச்சீட்டு இந்தியாவினுடையது. அது படிக்கப் போவதற்கன்று. தலைமன்னாரில் கப்பலேறி, பிறந்த மண்ணை விட்டு நீங்குவதற்கு.

இந்தியாவுக்குச் செல்லாமல் நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. இன்று அப்புத்தளை மாணவி ஒருத்தி விசா விண்ணப்பத்தில் 'இலங்கையர்' என ஒரு நொடியில் எழுதிவிடலாம். அந்த ஒரு சொல்லுக்காக அவளுடைய மக்கள் 55 ஆண்டுகள் காத்திருந்தனர்.