காசின் மேல் பட்ட காயம்

பழங்காசு ஒன்று கையில் கிடைத்தால், "என்ன விலை பெறும்?" என்றுதான் நம்மில் பலர் முதலில் கேட்கிறோம். எனக்கோ வேறொரு கேள்விதான் முக்கியம். இந்தக் காசு பிறக்கும்போதே இப்படிப் பிறந்ததா, பிறகு இப்படி ஆயிற்றா?

அரியலூருக்குக் கிழக்கே, ஜயங்கொண்டத்துக்கு அப்பால் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராஜேந்திரன் அமைத்த தலைநகரம். அவன் தந்தை இராஜராஜனின் செப்புக் காசுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புறம் நின்ற உருவம். மறு புறம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர்.

அந்தக் காலத்து அக்கசாலையில் இயந்திரம் ஏது? கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவே ஒரு செப்பு வில்லை, ஓங்கி ஒரு சம்மட்டி அடி! வில்லை சற்று விலகினால் உருவத்தில் பாதி விழாமலே போகும். முதல் அடிக்குப் பின் நழுவி மறு அடி பட்டால், ஓர் உருவத்தின் மேல் இன்னோர் உருவம் ஏறிவிடும். இவை தொழிலாளியின் கை செய்த பிழைகள்.

காலம் செய்த சேதம் வேறு. இரட்டை அடியில் இரண்டு உருவங்களும் புடைத்தே நிற்கும். பின்னால் பட்ட அடியிலோ எழுத்து நசுங்கும். செம்பு பக்கத்தில் பிதுங்கி வரம்பு கட்டும். அரம் பட்ட இடத்தில் கோடுகள் தெரியும். ஆனால் வடுவின் மேலும் பச்சைக் களிம்பு படர்ந்திருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. வடு பழையது என்றுதான் களிம்பு சொல்லும். அக்கசாலையில் பிறந்தது என்று சொல்லாது.

அந்தச் சாட்சியையும் நாம் விட்டு வைக்கிறோமா? புளியும் செங்கற்பொடியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடுகிறோம்! நசுங்கிய காசை "அபூர்வமான அச்சுப் பிழை" என்று சொல்லி விற்கிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தேய்க்காமல் அறிவித்தால் சரித்திரத்துக்கும் புண்ணியம்.

இராஜேந்திரன் கட்டிய ஆலயத்தின் முன் நின்றாலும் எனக்கு இதே கேள்விதான் எழுகிறது. விமானம் தஞ்சையைப் போல நேர்க்கோட்டில் ஏறாமல் உள்வாங்கி வளைகிறதே, அது சிற்பியின் எண்ணம். மதிலும் கோபுரமும் சிதைந்து கிடக்கின்றனவே, அது சிற்பியின் குறையா? அல்லவே அல்ல. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காக அங்கிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

"சோழன் அரைகுறையாக விட்டுவிட்டான்" என்று யாராவது சொன்னால், அந்த ஆண்டை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். செய்தவன் பிழையைச் செய்தவன் கணக்கிலும், சிதைத்தவன் பிழையைச் சிதைத்தவன் கணக்கிலும் எழுதுவதுதான் நியாயம்.