காணக் கிடைக்காத தமிழ்ப் படங்கள்

ஒரு காலத்தில் திரையரங்குகளில் ஓடி, இன்று பொதுமக்கள் பார்க்க வழியில்லாமல் போன தமிழ்த் திரைப்படங்களைக் குறிக்கும் தலைப்பு. இவற்றில் இரு வகை உண்டு. பிரதியே மிஞ்சாமல் அழிந்தவை ஒரு வகை. பிரதி எங்கோ இருந்தும் வழக்கு, கடன், தடை, உரியவரின் அலட்சியம் ஆகியவற்றால் வெளியே வராதவை மற்றொரு வகை. ஹாலிவுட்டைப் பற்றிப் பேசும்போது இரண்டாம் வகைதான் அதிகம் அடிபடும். தமிழில் முதல் வகையே பெரிது. முதல் மௌனப் படமான 'கீசக வதம்', முதல் பேசும் படமான 'காளிதாஸ்', ஓராண்டு ஓடியதாகப் பெயர் பெற்ற 'சிந்தாமணி' (1937) ஆகிய மூன்றுக்கும் இன்று அறியப்பட்ட பிரதி கிடையாது. 'சிந்தாமணி'யில் வந்த லாபத்தைக் கொண்டு மதுரையில் கட்டப்பட்ட சிந்தாமணி திரையரங்கு, படத்தைவிட நெடுங்காலம் நிலைத்து நின்றது.

தொடக்கக் காலம்

வேலூர்க்காரரான ஆர். நடராஜ முதலியார் மோட்டார் உதிரிபாக வணிகத்தில் இருந்தவர். புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்கி 'கீசக வத'த்தை எடுத்தார். சென்னை வெக்கையில் பிலிம் கழுவுவது கடினம் என்பதால் அந்த வேலை பெங்களூரில் நடந்தது. படம் வெளிவந்தது 1917 என்பாரும் உண்டு, 1918 என்பாரும் உண்டு. படம் போய்விட்டால் தேதியும் அதோடு சேர்ந்து மங்கிவிடுகிறது. பின்னாளில் அவரது ஸ்டுடியோவில் தீப்பிடித்தது. மகனையும் பறிகொடுத்த முதலியார் தொழிலை விட்டே விலகினார். மௌனப் பட யுகத்தில் சென்னையில் எடுக்கப்பட்ட ஏனைய படங்களின் கதியும் ஏறக்குறைய இதுதான்.

'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று வடசென்னையில் சௌகார்பேட்டை கினிமா சென்ட்ரலில் வெளியானது. பிற்காலத்தில் முருகன் திரையரங்கு என்று பெயர் மாறிய கொட்டகை அது. எச்.எம். ரெட்டி இயக்கம், அர்தேஷிர் இரானி தயாரிப்பு, டி.பி. ராஜலட்சுமி நாயகி. இரானியே தயாரித்த, இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வுக்குப் பம்பாயில் போட்ட அரங்குகளிலேயே இதையும் எடுத்தார்கள். ரயிலில் வந்திறங்கிய படப்பெட்டியை வால்டாக்ஸ் சாலை வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோனதாகவும், வழியெங்கும் பூத் தூவி, தேங்காய் உடைத்து வரவேற்றதாகவும் தமிழ்த் திரை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். சாமி புறப்பாட்டைப் போல வரவேற்கப்பட்ட அந்தப் பெட்டி பிறகு என்ன ஆயிற்று என்பதற்குத் தடயமில்லை. இன்று மிஞ்சியிருப்பவை சில நிழற்படங்கள், விளம்பரங்கள், பாட்டுப் புத்தகம்.

பாட்டுப் புத்தகத்தைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. கொட்டகை வாசலில் காசுக்கு விற்ற அந்தச் சிறு புத்தகத்தில் கதைச் சுருக்கம், நடிகர் பட்டியல், பாடல்கள் எல்லாம் இருக்கும். அழிந்த படங்களைப் பற்றி இன்று எழுதப்படுவனவற்றில் பெரும்பகுதி அதிலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் சேகரமும் இல்லாவிட்டால் 1930களின் தமிழ்ப் படங்கள் பெயர்ப் பட்டியலாக மட்டுமே நின்றிருக்கும். படத்தை எடுத்தவர் அதைக் காக்கவில்லை. ஓரணாவுக்குப் பாட்டுப் புத்தகம் வாங்கியவர் அதைக் காத்தார்.

அழிவின் காரணங்கள்

உலகம் முழுவதும் 1950 வரை பெரும்பாலான படங்கள் நைட்ரேட் பிலிமில்தான் எடுக்கப்பட்டன. இது எளிதில் தீப்பற்றும். பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும், ஏனெனில் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. தீ தொடாவிட்டாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் பிசுபிசுத்துக் கடைசியில் பொடியாகிவிடும். அடுத்து வந்த அசிடேட் பிலிம் எளிதில் எரியாது, ஆனால் காடி நாற்றமடித்துச் சுருங்கும். குளிரும் வறட்சியும் கேட்கும் இந்தப் பொருளைக் கடற்கரை நகரமொன்றில் ஏ.சி. இல்லாத கிடங்கில் அடுக்கி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்டுடியோ தீ விபத்துகளும் சேர்ந்துகொண்டன. எஸ்.எஸ். வாசன் ஏலத்தில் எடுத்து ஜெமினி ஸ்டுடியோவாக மாற்றிய இடமே, தீக்கிரையான மோஷன் பிக்சர் புரொடியூசர்ஸ் கம்பைன் ஸ்டுடியோதான்.

இயற்கை அழித்ததைவிடக் கணக்குப் புத்தகம் அழித்தது அதிகம் என்று சொல்லலாம். கச்சா பிலிம் முழுவதும் அன்று கப்பலில்தான் வந்தது. உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உற்பத்தி தொடங்கியதே 1967 இல்தான். இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து குறைந்தபோது, படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. அதற்கு முன் 18,000, 20,000 அடி என்று தாராளமாக எடுத்துக்கொண்டிருந்த தமிழ்த் தயாரிப்பாளர்களுக்கு அது பேரிடி. இவ்வளவு விலையுள்ள பொருள், ஓட்டம் முடிந்ததும் எடைக்குப் போடும் சரக்காகிவிட்டது. கறுப்பு வெள்ளைப் பிரதியின் உருவமே வெள்ளித் துகள்தான். அதைப் பிரித்தெடுப்பதற்காகப் பழைய ரீல்களை வாங்க ஆள் இருந்தது. வெள்ளி போக எஞ்சிய செல்லுலாய்டு வளையலும் கைப்பையும் ஆனது. 'ஆலம் ஆரா'வின் ரீல்களை வெள்ளிக்காக விற்றுவிட்டதாக இரானியின் மகனே தம்மிடம் சொன்னதாக, தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் கூறியிருக்கிறார்.

வடசென்னையின் மறுவெளியீடுகள்

தமிழ்ப் படத்தின் ஆயுளை நீட்டியதும் குறைத்ததும் ஒரே ஏற்பாடுதான்: ஏரியா விநியோகம். விநியோகஸ்தர் ஒரு பகுதியின் உரிமையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வாங்கி, கையிலிருக்கும் சில பிரதிகளை முதலில் நகரத்திலும், பிறகு சிற்றூர்களிலும், கடைசியில் டூரிங் டாக்கீஸிலும் ஓட்டித் தீர்ப்பார். அந்தச் சுற்றில் பழைய படங்களுக்கு நெடுங்காலம் இடம் கொடுத்தது வடசென்னை. ஜார்ஜ் டவுன் பிராட்வே திரையரங்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) மூன்று தீபாவளி கண்டது. 1960களின் பிற்பகுதியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் எழுந்தன. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஏற்கெனவே ஆலைகள் இருந்தன. ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்குத் திருவொற்றியூரில் எம்.எஸ்.எம்., ஓடியன்மணி, தண்டையார்பேட்டையில் அகஸ்தியா, மகாராணி என்று கொட்டகைகள் காத்திருந்தன. 1967 இல் திறந்து 2020 இல் மூடப்பட்ட அகஸ்தியா, எம்.ஜி.ஆர். படங்களின் மறுவெளியீட்டுக்குப் பேர்போனது.

இந்த மறுவெளியீடுகளில் மக்கள் பார்த்தது எந்தப் படம் என்பது ஒரு நல்ல கேள்வி. ஓடித் தேய்ந்த பிரதியில் கீறல் விழுந்து 'மழை பெய்யும்'. அறுந்த இடத்தை ஆபரேட்டர் வெட்டி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில ஃபிரேம்கள் போகும். நான்கு காட்சி ஓட்டுவதற்காக ஒரு பாட்டையோ நகைச்சுவைப் பகுதியையோ எடுத்துவிடுவதும் உண்டு. இப்படிக் குறைந்துபோன பிரதிகளே பிறகு வீடியோ கேசட்டுக்கும் தொலைக்காட்சிக்கும் மாற்றப்பட்டன. இன்று யூடியூபில் காணும் 1950களின் பல படங்கள் அந்தக் கேசட்டுகளின், வி.சி.டி.களின் வாரிசுகள். படம் 'கிடைக்கிறது' என்று கணக்கில் எழுதப்படுகிறது. வெளியான அன்று கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர் பார்த்த படம் அதுவல்ல.

உரிமையும் தடையும்

தமிழ்த் திரையுலகில் படத்தின் உடைமை என்பது 'நெகட்டிவ் உரிமை'. பைனான்சியரிடம் கடன் வாங்கும்போது ஈடாக வைக்கப்படுவது அதுதான். பாக்கி தீராதவரை நெகட்டிவ் லேபை விட்டு நகராது. படம் தோற்று, கம்பெனி கலைந்து, பங்காளிகள் பிரிந்தபின் அதைக் கேட்டு வருபவர் யாருமில்லை. வாடகை கட்ட ஆளில்லாத நெகட்டிவ், கிடங்கின் மூலையில் உரிமையாளர் இருந்தும் அநாதையாகக் கிடக்கும். ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே இயக்கி, தேசிய விருதில் சான்றிதழும் பெற்ற 'உன்னைப்போல் ஒருவன்' (1965) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. பாலு மகேந்திரா தம் கடைசி ஆண்டுகளில், 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் நெகட்டிவ்கள் கெட்டழிந்ததை மேடைதோறும் சொல்லி, தமிழுக்கென ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று வற்புறுத்தினார். இவை முன்னோர் காலத்துப் படங்களல்ல. 'வீடு' 1988 இல் வந்தது.

ஹாலிவுட்டின் நிலை இதனின்று வேறுபட்டது. அங்கும் அழிவு பெரிதுதான். அமெரிக்க முழுநீள மௌனப் படங்கள் ஏறத்தாழ 11,000 இல் மூல வடிவிலேயே முழுமையாக எஞ்சியவை 14 விழுக்காடு மட்டுமே என்று காங்கிரஸ் நூலகம் 2013 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) படத்தின் அறியப்பட்ட கடைசிப் பிரதி 1965 இல் எம்.ஜி.எம். கிடங்குத் தீயில் போனது. ஆனால் எஞ்சியவற்றுக்கு அங்கே உரிமையாளர் உண்டு. அவர் விரும்பினால் பூட்டி வைக்கவும் முடியும். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ', 'ரியர் விண்டோ' உள்ளிட்ட ஐந்து படங்கள் பல ஆண்டுகள் திரையிடப்படாமல் இருந்து, அவர் இறந்தபின் 1983–84 இல்தான் மீண்டும் வெளிவந்தன. நிறவெறிச் சித்திரிப்புக்காகக் கண்டிக்கப்பட்ட 'சாங் ஆஃப் த சௌத்' (1946) படத்தை டிஸ்னி அமெரிக்காவில் வீடியோவாகக்கூட விற்றதில்லை. ஜோன் கிராஃபோர்ட் நடித்த 'லெட்டி லிண்டன்' (1932), ஒரு நாடகத்தைத் திருடியது என்று நீதிமன்றம் தீர்த்ததால் 1936 முதல் பல பத்தாண்டுகள் முடங்கியது.

அதே போன்ற வழக்கு தென்னிந்தியாவில் நேர்மாறான பலனைத் தந்தது. சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவலைத் தழுவி, பி.வி. ராவ் இயக்கத்தில் 1930களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட மௌனப் படம் 'மார்த்தாண்ட வர்மா'. நாவலின் வெளியீட்டாளரான கமலாலயா புக் டிப்போ நீதிமன்றம் சென்றது; படம் முடக்கப்பட்டது; பிரதி பதிப்பகத்தின் வசமாயிற்று. 1974 இல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. கொட்டகை கொட்டகையாகச் சுற்றியிருந்தால் தேய்ந்து எடைக்குப் போயிருக்கும். தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கும் மிக அரிய படம் அதுவே. தடை ஒரு படத்தைக் காப்பாற்றும் என்று யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். கே. சுப்பிரமணியத்தின் 'தியாக பூமி' (1939) பிரிட்டிஷ் அரசால் தடை செய்யப்பட்டும், அதன் பிரதி புனேயில் தங்கியிருக்கிறது.

காப்பகமும் மீட்பும்

தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 இல் புனேயில் தொடங்கப்பட்டது. அதற்குள் மௌனப் படங்களில் மிகப் பெரும்பாலானவை போய்விட்டிருந்தன. நூல்களுக்கு 1954 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிருக்கிறது; வெளியிட்டவர் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் படி அனுப்ப வேண்டும். திரைப்படத்துக்கு அப்படிக் கட்டாயம் கிடையாது. தயாரிப்பாளர் மனம் வைத்தால்தான் பிரதி காப்பகம் சேரும். சேர்ந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்குவதில்லை: 2003 ஜனவரி 8 அன்று புனே திரைப்படக் கல்லூரி வளாகத்துக் கிடங்கில் பிடித்த தீயில் காப்பகத்தின் ஏராளமான நைட்ரேட் சுருள்கள் எரிந்தன.

சென்னையின் லேப்கள் 2010களின் நடுவில் பிலிம் வேலையை நிறுத்தத் தொடங்கியபோது, பல பத்தாண்டு நெகட்டிவ்கள் ஒரே நேரத்தில் இடமற்றுப் போயின. மீட்பு வேலையின் வாய்ப்பும் அதே காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்ட 'கர்ணன்' (1964) 2012 மார்ச்சில் மீண்டும் வெளியாகி நூறு நாளைக் கடந்தது. அதைப் பார்த்து 'ஆயிரத்தில் ஒருவன்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்று தொடர்ந்தார்கள். நட்சத்திரப் படங்களுக்கு மட்டுமே இந்த வழி திறந்தது. அரவிந்தனின் மலையாளப் படமான 'தம்பு', 2022 கான் விழாவுக்காகப் புதுப்பிக்கப்பட்டபோது வேலையில் ஒரு பகுதி சென்னை பிரசாத் நிறுவனத்தில் நடந்தது. தொழில்நுட்பம் ஊரிலேயே இருக்கிறது. அதற்குக் கூலி கொடுத்து ஒரு பழைய தமிழ்ப் படத்தைக் கொண்டுவரும் கைதான் குறைவு.

அழிந்ததாக எழுதப்பட்டவை அயல்நாட்டில் தலைகாட்டுவதும் உண்டு. 1919 இல் கல்கத்தாவில் எடுக்கப்பட்ட 'பில்வமங்கள்' படத்தின் ஒரு பகுதி பிரான்ஸ் திரைக் காப்பகத்தில் கிடைத்து, 2016 இல் புனே வந்தது. தமிழ்ப் படப்பெட்டிகள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவை. 'காளிதாஸ்' போன்றவற்றின் ஒரு சுருளாவது கிடைக்கும் என்று நம்ப இடமிருந்தால் அது அந்தத் துறைமுகங்களின் பழைய விநியோகக் கிடங்குகளில்தான்.

சட்டத்தின் கணக்கு தனி. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஆகவே 1964 இன் படங்கள் 2025 ஜனவரி முதல் பொதுவுடைமை. 1930கள், 40களின் படங்கள் எப்போதோ ஆகிவிட்டன. படம் என்ற அளவில் அவற்றைத் திரையிடத் தயாரிப்பாளரின் அனுமதி வேண்டாம். 1965 இல் வெளியான 'உன்னைப்போல் ஒருவ'னுக்கும் படம் என்ற அளவில் 2025 உடன் அந்த உரிமை முடிகிறது; மூல நாவலின் உரிமை மட்டும், ஆசிரியர் 2015 இல் மறைந்ததால், 2075 வரை நீடிக்கும்.