எகிப்தின் சுங்கத் தீர்வை

ஒரு நாடு தன் துறைமுகத்தில் இறங்கும் பண்டங்களுக்குரிய தீர்வையைத் தானே விதிக்க இயலாதாயின் என்ன நேரும்? எகிப்தின் வரலாற்றைக் காண்போம், நேயர்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டை ஆண்ட முகம்மது அலி நெசவாலைகள் பல நிறுவினார்; வாணிகத்தை அரசின் தனியுரிமையாக்கி அவற்றைக் காத்தும் வந்தார். ஆயினும் எகிப்து உதுமானியப் பேரரசுக்கு உட்பட்ட நாடு. 1838-இல் அப்பேரரசு பிரிட்டனுடன் செய்துகொண்ட உடன்படிக்கை, தனியுரிமைகளை ஒழித்தது. இறக்குமதிக்கு நூற்றுக்கு 5, ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 12 எனத் தீர்வையும் வகுத்தது. அயலார் சரக்கைவிடச் சொந்த விளைபொருளுக்கு மிகுதியான வரி! விந்தையான ஏற்பாடுதான். 1841-இல் எகிப்தின் படை 18,000 பேர் என வரையறுக்கப்பட்டது. படைவீரர் உடைக்கென ஆலைத்துணியை வாங்கி வந்தது அப்படையே அன்றோ? ஆலைகள் நலிந்தன.

பின்னர் இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 8 ஆயிற்று. அதற்குமேல் உயர்த்துவதற்கு அயல்நாடுகளின் இசைவு வேண்டும். பிரிட்டிஷார் ஆதிக்கத்தில் இருந்த 1901-இல், உள்நாட்டு ஆலைத்துணிக்கும் அதே 8 விழுக்காட்டு வரி விதிக்கப்பட்டது. லங்காஷயர் துணியின் எதிரே எகிப்தியத் துணிக்கிருந்த சிறு காப்பும் அதனால் அகன்றது. இந்திய ஆலைத்துணியும் 1896 முதல் இத்தகைய வரியைச் சுமந்ததை மாணவர்கள் அறிந்திருப்பர்.

1920-இல் தலாத் ஹர்பின் முயற்சியால் மிஸ்ர் வங்கி தோன்றியது. 1927-இல் அவ்வங்கி மகல்லாவில் நூற்பு நெசவு நிறுவனத்தைத் தொடங்கியது. பழைய வாணிக உடன்படிக்கைகள் காலாவதியாகவே, 1930-இல் எகிப்து தன் தீர்வைப் பட்டியலைத் தானே எழுதிற்று: மூலப்பொருள்களுக்குக் குறைவாகவும், உள்நாட்டில் செய்யத்தக்க பொருள்களுக்கு மிகுதியாகவும்.