கோப்பு வழங்கிக்குப் போன வழி

வலைப்பக்கம் என்பது முதலில் எழுதியவரின் கணிப்பொறியில் கிடக்கும் ஒரு சாதாரணக் கோப்புதான். இரவும் பகலும் விழித்திருந்து, கேட்டவர்க்கெல்லாம் நகல் கொடுக்கும் 'வழங்கி' என்ற கணிப்பொறியில் அதைக் கொண்டு சேர்த்தால்தான் பிறர் படிக்க முடியும். கொண்டு சேர்க்கும் இந்த வழி எப்போது பிறந்தது தெரியுமா? வலைக்கு முன்பே பிறந்துவிட்டது!

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்கு அருகிலுள்ள 'செர்ன்' ஆய்வகத்தில் வைய விரிவு வலைக்கான திட்டத்தை முன்வைத்தது 1989-இல். அதற்கு 18 ஆண்டுகளுக்கு முன்பே, 1971 ஏப்ரலில், 'எஃப்.டி.பி.' எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரைவு வெளியாயிற்று. அதை எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களில் ஒருவரான இவர் அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தார். 'அர்ப்பாநெட்' வலையமைப்பில் இணைந்திருந்த கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று அந்நியமானவை. ஒன்று 36 பிட்டுகளை ஒரு சொல்லாகக் கொள்ளும். மற்றொன்று 32 பிட்டுகளை. கோப்புகளுக்குப் பெயரிடும் முறைகூட வேறு வேறு. இவற்றுக்கு ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது.

இந்நெறிமுறையில் இரண்டு இணைப்புகள் உண்டு. ஒன்றில் பேச்சு மட்டும் நடக்கும். மற்றொன்றில் சரக்கு போகும். நீங்கள் பெயரைச் சொன்னால் வழங்கி 331 என்று பதில் தரும், 'கடவுச்சொல் எங்கே?' என்று பொருள். சரியாகச் சொன்னால் 230, உள்ளே வரலாம். கோப்பு முழுதும் போய்ச் சேர்ந்தால் 226. கடவுச்சொல் எவ்வித மறைப்புமின்றி அப்படியே கம்பியில் சென்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களிடையே அது பெரிய குறையாகப் படவில்லை.

புதியவர்களை அழவைத்தது வேறொன்று. எழுத்துக் கோப்புக்கு ஒரு முறை, படக் கோப்புக்கு ஒரு முறை என இரண்டு உண்டு. எழுத்து முறையில், வரி முடிவைக் காட்டும் குறிகளை வழங்கிக்கு ஏற்றவாறு எஃப்.டி.பி. மாற்றிவிடும். விண்டோஸில் வரி முடிவுக்கு இரண்டு பைட்டுகள், யூனிக்ஸில் ஒன்றே. அந்த முறையில் ஒரு படத்தை அனுப்பினால் என்ன ஆகும்? படத்துக்குள் தற்செயலாக அதே எண்கள் வந்த இடமெல்லாம் வரி முடிவென்று கருதப்பட்டுத் 'திருத்தப்படும்'. படம் பாழ்! நொடிக்கு 28,800 பிட் வேகமுள்ள மோடத்தில், 50,000 பைட் படம் போய்ச்சேரக் குறைந்தது 14 நொடி ஆகும். அவ்வளவு நேரம் காத்திருந்து உடைந்த படத்தைப் பார்ப்பவரின் மனநிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் மக்கள் திரண்டு வந்தனர். 1994-இல் டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் பின்னர் 'ஜியோசிட்டீஸ்' ஆயிற்று. அது வழங்கியில் இலவச இடம் கொடுத்தது. அதையும் ஒரு நகரம்போல் பேட்டை பேட்டையாகப் பிரித்துக் கொடுத்தது. திரைப்பட அன்பர்களுக்கு 'ஹாலிவுட்', கணிப்பொறிப் பிரியர்களுக்கு 'சிலிக்கான்வேலி'. ஒவ்வொரு பக்கத்துக்கும் கதவு எண் உண்டு. பூனை வளர்த்தவரும் நாணயம் சேர்த்தவரும் அங்கே குடியேறினர். அழகுணர்ச்சி கொஞ்சம் குறைவுதான். ஆனால் அச்சகமும் பதிப்பாளரும் இன்றி உலகுக்கு எழுத முடியும் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமல்லவா?

1999-இல் யாஹூ நிறுவனம் இதைச் சுமார் 350 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. அவ்வாண்டே, ஏற்றப்பட்டவற்றின்மீது தனக்கு விரிந்த உரிமை உண்டு என விதி வகுத்தது. குடியிருந்தவர்கள் கொதித்தெழ, விதி திருத்தப்பட்டது. இடம் யாருடையது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 2009 ஏப்ரலில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. அக்டோபர் 26-இல் மூடினார்கள். வீட்டில் மூலக்கோப்பை வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். கணிப்பொறி பழுதானவர்களுக்கும் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கும் வழங்கியில் இருந்ததே ஒரே பிரதி.

'ஆர்க்கைவ் டீம்' என்ற தன்னார்வக் குழு, மூடுவதற்குள் இயன்றவரை நகலெடுத்தது. 2010-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பு 600 ஜிகாபைட்டுக்கும் அதிகம். அதைத் திறந்தால், 'பணி நடைபெறுகிறது' என்ற பலகையுடன், மண்வெட்டி பிடித்த சிறு மனிதர்கள் பக்கத்துக்குப் பக்கம் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.