நயினாதீவும் நம் சிறுவரும்

பொது விடுமுறை நாட்கள் அணுகுங்கால், வத்தளை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. சிறு பிள்ளைகளோடு செல்வோர் யாழ்ப்பாண நகரோடு நின்றுவிடுவதில்லை. நயினாதீவுக்கும் சென்று நாகபூசணி அம்மனை வணங்கி மீள்கின்றனர். வெசாக், பொசன் விடுமுறைகளில் அதே இறங்குதுறையில் சிங்கள மக்களும் வந்து கூடுகின்றனர். அவர்கள் நாடி வருவது அத்தீவின் நாகவிகாரையை. ஏறத்தாழ நான்கு சதுரக் கிலோமீற்றர் பரப்பேயுடைய இச்சிறு தீவு இரு சமயத்தாரையும் ஈர்ப்பது எவ்வாறு? இதற்குரிய விடையைச் சிறுவர்க்கும் விளங்குமாறு மூன்று செய்திகளாகக் கூறலாம்.

முதலாவது, ஒரு சண்டையைப் பற்றியது. மணிகள் இழைத்த ஆசனம் ஒன்றுக்காக மகோதரன், சூலோதரன் என்னும் நாக அரசர் இருவர் போருக்கு எழுந்தனர். இவர்கள் மாமனும் மருமகனும் ஆவர். புத்தர் நாகதீபத்துக்கு எழுந்தருளி அவர்களைச் சமாதானப்படுத்தினார் என்று மகாவம்சம் கூறுகின்றது. அப்போரிற் கலந்துகொள்ளக் களனியிலிருந்து மணியக்கிகன் என்னும் நாக அரசனும் சென்றிருந்தானாம். வத்தளைக்குத் தெற்கே கடலோடு கலக்கும் களனி கங்கையைப் பிள்ளைகள் நன்கு அறிவர். அந்த ஆற்றங்கரைக்கும் வடகடல் தீவுக்கும் உள்ள தொடர்பு பழங்கதைகளிலேயே இடம்பெற்றுவிட்டது.

இரண்டாவது, பசியைப் பற்றியது. இரு நாக அரசர் ஓர் ஆசனத்துக்காகப் பொருத கதையைத் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலையும் சொல்கின்றது. அது நிகழ்ந்த இடத்தை மணிபல்லவம் என்கின்றது. அங்குள்ள கோமுகிப் பொய்கையிலேதான் மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றாள். மணிபல்லவம் இந்த நயினாதீவே என்று பலர் கருதுவர். நாகதீபம் என்பது யாழ்ப்பாணக் குடாநாடு முழுமைக்கும் வழங்கிய பெயர் என்பாரும் உளர். அறிஞர் எவ்வாறு முடிவு செய்யினும், அப்பாத்திரத்தின் பெயர் தீவில் இன்றும் வழங்குகின்றது. அமுதசுரபி அன்னதான மண்டபத்திலே அடியார்க்கு அன்னம் வழங்கப்படுகின்றது.

மூன்றாவது கதையன்று, கல்லிற் பொறித்த வரலாறு. அம்மன் கோவில் வளவிலே பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. 1153 முதல் 1186 வரை பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. வரலாற்றறிஞர் கார்த்திகேசு இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டார் காக்கப்படல் வேண்டும் என்று அவ்வாணை விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால், காற்பங்கே அரச பண்டாரத்துக்குரியது, முக்காற்பங்கு உடையவனுக்குரியது. ஏனைய வணிகப் பொருள் ஏற்றிய கலமாயின் இருவர்க்கும் சரிபாதி. படைக்கு வேண்டிய விலங்குகள் தடையின்றி வருதல் வேண்டும் என்ற அரசனின் தேவை இதிற் புலப்படுகின்றது. எனினும், கலம் உடைந்து கரையேறியவன் யாவும் இழந்தவனாய் நிற்றலாகாது என்பதும் சட்டமாயிற்று. சிங்கள மன்னன் ஒருவன் அதனைத் தமிழிலே பொறிப்பித்தான். துறைமுகத்து மக்களுக்கும் வணிகருக்கும் விளங்கிய மொழி அதுவாதலின்.

இம்மூன்று செய்திகளும் வழங்கிய கடலிலேயே அவற்றுக்கு மாறான செயல்களும் நிகழ்ந்தன. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தில் நாகவிகாரை தாக்கப்பட்டது. 1985 மே 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகிலே குழந்தைகள் உட்படப் பயணிகள் பலர் கொல்லப்பட்டனர். 1986இல் அம்மன் கோவில் தீக்கிரையாகிச் சேதமுற்றது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ஓட்டத்தை நிறுத்திற்று. 2014 ஒக்டோபரிலேயே மீண்டும் அந்நகரை அடைந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளிற் கொழும்பிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு நயினாதீவு பெரியோர் வாய்ச் சொல்லாகவே இருந்தது. அப்பிள்ளைகளே இன்று பெற்றோராகித் தம் மக்களை அழைத்துச் செல்கின்றனர்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானை அடைந்தால், அங்கிருந்து படகிற் செல்ல ஏறக்குறைய இருபது நிமிடமாகும். விடுமுறை நாட்களிற் கூட்டம் மிகும். நிறைந்த படகில் முண்டியடித்து ஏறாது, அடுத்த படகுக்குக் காத்திருத்தலே சிறுவரோடு செல்வோர்க்கு நன்று. உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைக்கு முதலில் அணிவித்தல் வேண்டும்.

தரிசனம் முடிந்ததும் பிள்ளைகள் கடலைக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் கடைப்பக்கம் இழுப்பது இயல்பே. அதற்கு முன்னர், அவர்களை அக்கல்வெட்டின் அருகே சிறிது நேரம் நிறுத்துக. அதன் எழுத்தை அவர்களால் வாசித்தல் இயலாது. பெரியோர்க்கும் அஃது எளிதன்று. ஆயினும், கப்பல் உடைந்து வந்தவனுக்கு அவன் பொருளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன கல் இது என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.